தங்கத்துக்குச் சலுகை, தங்கவயலுக்கு?

கோலார் தங்கவயல்: 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதியை இந்த ஊர் மறக்கவில்லை. அன்று தில்லியில் மத்திய நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த அப்போதைய நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா, இறக்குமதி செய்யப்படும் தங்கத்தின் மீதான சுங்க வரியை 10 கிராமுக்கு 400 ரூபாயிலிருந்து 250 ரூபாயாகக் குறைப்பதாக அறிவித்தார். அதே நாளில் கர்நாடக மாநிலம், கோலார் மாவட்டத்தில் மத்திய அரசுக்குச் சொந்தமான பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. 120 ஆண்டுகளாகத் தங்கம் வெட்டியெடுத்த ஊரில் சுரங்கச் சங்கு ஓய்ந்தது.

இரு முடிவுகளுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. வரிக் குறைப்புக்குக் கடத்தலைத் தடுப்பது காரணமாகக் கூறப்பட்டது. சுரங்கத்தை மூட நஷ்டம் காரணமாகக் கூறப்பட்டது. எனினும் வெளிநாட்டுத் தங்கத்துக்கு வாசலைச் சற்று அகலத் திறந்த நாளிலேயே உள்நாட்டுத் தங்கத்தின் வாசல் அடைக்கப்பட்டது என்பதைத் தங்கவயல் தொழிலாளர்கள் தற்செயல் என்று ஒதுக்கிவிடவில்லை.

அதன்பிறகு இந்தியா பல நாடுகளுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. அவற்றில் பலவற்றில் தங்கம் இடம்பெற்றது. சிலவற்றில் அரசு எதிர்பாராத வழியிலும் நுழைந்தது. உலக வர்த்தக விதிகள் வளரும் நாடுகளுக்கு எவ்வளவு இடம் தருகின்றன, பிராந்திய ஒப்பந்தங்களில் அந்த இடம் எவ்வாறு சுருங்குகிறது, அதன் விலையை யார் தருகிறார்கள் என்ற கேள்விகளுக்குத் தங்கத்தைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்...

1880-ம் ஆண்டு பிரிட்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு நவீன முறையில் சுரங்கம் தோண்டத் தொடங்கியது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டப் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற தலித் மக்கள். சாம்பியன் ரீஃப், உரிகம், மாரிக்குப்பம், கோரமண்டல் என விரிந்த சுரங்கக் குடியிருப்புகளில், 'லைன்' என அழைக்கப்படும் வரிசை வீடுகளில் அவர்களது நான்கைந்து தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன.

சுரங்கத்துக்காகவே காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ல் இங்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூரின் தெருக்களுக்கு மின்விளக்கு வருவதற்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறைகள் திடீரென வெடித்துச் சிதறி உயிர்களைப் பறித்ததும், பாறைத் தூசு நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோய்க்கு ஆளானவர்கள் இளமையிலேயே முடங்கியதும் இவ்வூரின் வரலாற்றில் பிரிக்க முடியாதவை.

இந்தச் சுரங்கங்களிலிருந்து மொத்தம் 800 டன்னுக்கும் அதிகமான தங்கம் எடுக்கப்பட்டுள்ளது. சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசின் கைக்கும், 1962 டிசம்பரில் மத்திய அரசின் கைக்கும் வந்தன. 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது.

ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம், இறுதி ஆண்டுகளில் சில கிராமாகச் சுருங்கிவிட்டது. சுரங்கம் ஆழமாக ஆழமாகச் செலவு கூடியது. 1992-ல் நிறுவனம் நலிவடைந்த ஆலைகளுக்கான தொழில், நிதி மறுசீரமைப்பு வாரியத்திடம் சென்றது. 2000-ம் ஆண்டில் அந்த வாரியம் நிறுவனத்தை மூடப் பரிந்துரைத்தது. ஒருகாலத்தில் 30 ஆயிரம் பேர் வரை வேலை செய்த இடத்தில், மூடப்பட்டபோது எஞ்சியிருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்.

ஆகவே, தங்கவயலை எந்த வர்த்தக ஒப்பந்தமும் மூடிவிடவில்லை. ஆழமும் செலவும் தரம் குறைந்த கனிமமுமே முதல் காரணங்கள். ஆனால் நஷ்டம் என்பது செலவை மட்டும் பொறுத்ததல்ல. விற்கும் விலையையும் பொறுத்தது. அந்த விலை இவ்வூரிலோ தில்லியிலோ நிர்ணயிக்கப்படவில்லை.

விலை சொன்னவர்கள் யார்?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவான பிரெட்டன் வுட்ஸ் ஏற்பாட்டின்படி, ஒரு அவுன்ஸ் (31.1 கிராம்) தங்கத்தின் அதிகாரபூர்வ விலை 35 டாலர். அதற்கு மேல், அனுமதிக்கப்பட்ட சிறு வித்தியாசத்தைத் தாண்டி, உறுப்பு நாடுகளின் அரசுகள் தங்கம் வாங்கக் கூடாது என்பது சர்வதேச நிதியத்தின் விதி. இந்தியாவும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தது.

தங்கவயல் மத்திய அரசின் கைக்கு வந்தது அந்தக் காலகட்டத்தில்தான். உள்நாட்டுச் சந்தை விலைக்கு மிகக் குறைவான சர்வதேச விலையை ஒட்டியே தாங்கள் வெட்டியெடுத்த தங்கம் மதிப்பிடப்பட்டது, காகிதத்தில் காட்டப்பட்ட நஷ்டத்தின் ஒரு பகுதி இதனால் வந்ததுதான் என்பது தொழிற்சங்கங்களின் நீண்டகாலக் குறை. வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1969 முதல் 1990 வரை ரிசர்வ் வங்கி தனது புத்தகத்தில் 10 கிராம் தங்கத்தை 84 ரூபாய் 39 காசுக்கே மதிப்பிட்டு வந்தது. 1970-ம் ஆண்டிலேயே சந்தை விலை 180 ரூபாயைத் தாண்டியிருந்தது.

1971 ஆகஸ்டில் டாலருக்கும் தங்கத்துக்குமான தொடர்பை அமெரிக்கா துண்டித்தது. அதிகாரபூர்வ விலை 1978-ல் முற்றிலும் கைவிடப்பட்டது. அதன்பின் தங்கத்தின் விலையைச் சந்தையே தீர்மானித்தது. ஆனால் அந்தச் சந்தையிலும் பெரும் கையிருப்பு வைத்திருந்தவை பணக்கார நாடுகளின் மத்திய வங்கிகளும் சர்வதேச நிதியமுமே.

1999 மே மாதம் பிரிட்டன் தனது கையிருப்பிலிருந்து 400 டன்னுக்கும் அதிகமான தங்கத்தை ஏலத்தில் விற்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டில், கடனில் மூழ்கிய ஏழை நாடுகளுக்கு நிவாரணம் அளிப்பதற்கெனத் தங்கத்தை விற்கும் திட்டத்தைச் சர்வதேச நிதியம் முன்வைத்தது. விலை சரிந்தது. இதில் ஒரு முரண்பாடு இருந்தது. நிவாரணம் பெற வேண்டிய நாடுகள் சில, தங்கத்தை ஏற்றுமதி செய்து பிழைப்பவை. ஒரு கையால் தரும் நிவாரணத்தை மறு கையால் பறிக்கிறீர்கள் என்று தங்கம் விளையும் நாடுகள் எதிர்ப்புத் தெரிவித்தன. வெளிச்சந்தையில் விற்கும் திட்டத்தை நிதியம் கைவிட்டு, பிரேஸில், மெக்ஸிகோ நாடுகளுடன் கணக்கு மாற்றம் மூலம் பணம் திரட்டியது. 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மத்திய வங்கிகள் தங்கள் விற்பனைக்கு வரம்பு விதித்துக்கொண்டன.

எனினும் விலை உடனே மீளவில்லை. தங்கவயல் மூடப்பட்ட 2001 பிப்ரவரியில் ஒரு அவுன்ஸ் தங்கம் 260 டாலர் அளவிலேயே இருந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளில் காணாத சரிவு அது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2009 நவம்பரில் அதே சர்வதேச நிதியத்திடமிருந்து ரிசர்வ் வங்கி 200 டன் தங்கத்தை 670 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அப்போது விலை அவுன்ஸுக்கு ஆயிரம் டாலரைத் தாண்டியிருந்தது. 2025 அக்டோபரில் அது 4 ஆயிரம் டாலரையும் கடந்தது. சுரங்கத்தை மூட முடிவெடுத்த கணக்கு, விலையின் அடிமட்டத்தில் நின்று போடப்பட்ட கணக்கு என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

தங்கத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

1947-ல் கையெழுத்தான 'காட்' ஒப்பந்தமே இன்றைய உலக வர்த்தக அமைப்பின் அடித்தளம். அதில் தொடக்கத்திலேயே கையெழுத்திட்ட 23 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஒரு நாட்டுக்கு அளிக்கும் வரிச் சலுகையை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் அளிக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி.

அதே ஒப்பந்தத்தின் 20-வது பிரிவு, பொது விதிவிலக்குகளைப் பட்டியலிடுகிறது. மனித உயிரையும் உடல்நலத்தையும் காக்கும் நடவடிக்கைகள், பொது ஒழுக்கத்தைக் காக்கும் நடவடிக்கைகள் ஆகியவற்றுடன், தங்கம், வெள்ளியின் இறக்குமதி, ஏற்றுமதி தொடர்பான நடவடிக்கைகளும் அந்தப் பட்டியலில் உள்ளன. அதாவது, நாடுகளுக்கிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டாத வரை, தங்கம் நாட்டுக்குள் வருவதைக் கட்டுப்படுத்தும் உரிமையை உலக விதிகள் அரசிடமே விட்டுவைத்தன.

இந்தியா அந்த உரிமையைப் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது. தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 1963-லும் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968-லும் வந்தன. சட்டம் 1990-ல் ரத்து செய்யப்பட்டது. 1991-ல் அந்நியச் செலாவணி கையிருப்பு வற்றியபோது, மே மாதத்தில் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்கப்பட்டது. ஜூலையில் சுமார் 47 டன் தங்கம் அடகு வைக்க விமானத்தில் அனுப்பப்பட்டது. பின்னர் 1992 முதல் வெளிநாடுவாழ் இந்தியர்களும், 1997 முதல் வங்கிகளும் தங்கம் கொண்டுவர அனுமதிக்கப்பட்டனர்.

வளரும் நாடுகளுக்கு 'காட்' ஒப்பந்தம் மற்றொரு பாதுகாப்பையும் தந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் உள்ள வளரும் நாடு, இறக்குமதிக்கு அளவுக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்கிறது அதன் 18-வது பிரிவு. இதைக் கொண்டே ஆயிரக்கணக்கான பொருள்களின் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்தி வந்தது. 1997-ல் அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. இந்தியாவின் கையிருப்பு போதுமானது எனச் சர்வதேச நிதியம் கருத்துத் தெரிவித்தது. 1999-ல் இந்தியா தோற்றது. 2000 ஏப்ரல் 1-ம் தேதி 714 பொருள்களுக்கும், 2001 ஏப்ரல் 1-ம் தேதி எஞ்சிய 715 பொருள்களுக்கும் கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

தங்கவயல் மூடப்பட்டதற்கும் இந்த இரண்டாவது தேதிக்கும் இடையே ஒரு மாதமே இடைவெளி. அதே ஆண்டு நவம்பரில் தோஹாவில் உலக வர்த்தக அமைப்பின் புதிய சுற்றுப் பேச்சு தொடங்கியது. 'வளர்ச்சிச் சுற்று' என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. வளரும் நாடுகளின் கோரிக்கைகளை மையமாகக் கொள்வதாகச் சொன்ன அந்தச் சுற்று உரிய முடிவை எட்டாமலேயே முடங்கியது. 2019 டிசம்பர் முதல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றமும் போதிய உறுப்பினர்கள் இன்றிச் செயலிழந்தது.

பக்கவாட்டுக் கதவு

உலக அளவில் பேச்சு நின்றதும் நாடுகள் தமக்குள் தனித்தனியே ஒப்பந்தம் செய்துகொள்ளத் தொடங்கின. இவற்றுக்கும் உலக விதிகளில் இடமுண்டு. ஏறத்தாழ எல்லாப் பொருள்களுக்கும் வரி நீக்கினால் நாடுகள் தமக்குள் தடையற்ற வர்த்தகப் பகுதி அமைக்கலாம் என்கிறது 'காட்' ஒப்பந்தத்தின் 24-வது பிரிவு. வளரும் நாடுகள் தமக்குள் இன்னும் தளர்வான முறையில் சலுகைகளைப் பகிர்ந்துகொள்ள 1979-ல் ஏற்கப்பட்ட விதி இடமளிக்கிறது. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்தமும், 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஆசியான் ஒப்பந்தமும் இந்த வளரும் நாடுகள் விதியின் கீழ் பதிவானவை. தென்கொரியாவுடனான ஒப்பந்தமும் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

உலக விதி தங்கத்துக்கு வைத்த விதிவிலக்கு, இத்தகைய ஒப்பந்தங்களிலும் பொதுவாக இடம்பெறுகிறது. ஆனால் வரி விகிதத்தை ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், அது தவறு எனத் தெரியும்வரை சரக்கு வந்துகொண்டேயிருக்கும். இந்தியா இதை 2017-ல் கற்றுக்கொண்டது.

தங்கத்துக்குப் பொதுவான சுங்க வரி அப்போது 10 சதவீதம். தென்கொரிய ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து வரும் தங்கப் பொருள்களுக்கு அந்த வரி இல்லை. ஆயினும் உள்நாட்டுக் கலால் வரிக்கு ஈடாக 12.5 சதவீத வரி இருந்ததால் சலுகை பலிக்கவில்லை. 2017 ஜூலை 1-ல் சரக்கு மற்றும் சேவை வரி (ஜிஎஸ்டி) அமலானதும் அந்த 12.5 சதவீதம் மறைந்து, 3 சதவீத ஜிஎஸ்டி மட்டும் எஞ்சியது. அணை உடைந்ததுபோல் தங்கம் வந்தது. 2016-17 முழு நிதியாண்டிலும் தென்கொரியாவிலிருந்து வந்த தங்கத்தின் மதிப்பு சுமார் 7 கோடி டாலர். 2017 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 3 வரை மட்டும் 33.86 கோடி டாலர். தென்கொரியா பெயர்பெற்ற தங்கச் சுரங்க நாடு அல்ல.

ஆகஸ்ட் 25-ம் தேதி வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தென்கொரியத் தங்கம், வெள்ளி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஓட்டை திறந்து எட்டு வாரங்களுக்குள் அடைபட்டது.

அதன்பின் சரக்கு வேறு வழி தேடியது. ஆசியான் ஒப்பந்தச் சலுகையைக் கொண்டு இந்தோனேஷியாவிலிருந்து, கல் பதிக்காத எளிய தங்க நகைகள் வரியின்றி வந்தன. நகை என்ற பெயரில் வந்தாலும் உருக்குவதற்கே அவை வாங்கப்பட்டதாகத் துறை வட்டாரங்களில் பேசப்பட்டது. 2022 ஜூலையில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 சதவீதமாக உயர்ந்ததும் இந்த வழியின் லாபம் பெருகியது. 2023 ஜூலை 12-ம் தேதி அத்தகைய நகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது.

வரி ஏய்ப்பின் முதல் பாதிப்பு அரசுக் கருவூலத்துக்கு. இரண்டாவது பாதிப்பு, கோவை போன்ற ஊர்களில் பட்டறை வைத்திருக்கும் பொற்கொல்லர்களுக்கு. வரி கட்டிய தங்கத்தில் நகை செய்பவர், வரி கட்டாமல் வந்த நகையுடன் போட்டியிட வேண்டியிருந்தது.

அமீரகத்தின் 200 டன்

2023-ல் விதித்த கட்டுப்பாட்டில் ஒரு நாட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. அது ஐக்கிய அரபு அமீரகம். 2022 பிப்ரவரி 18-ல் கையெழுத்தாகி மே 1-ல் நடைமுறைக்கு வந்த விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின்படி, அமீரகத்திலிருந்து குறிப்பிட்ட அளவுத் தங்கத்தை, பொதுவான வரியைவிட ஒரு சதவீதப் புள்ளி குறைவான வரியில் கொண்டுவரலாம். முதல் ஆண்டில் 120 டன் எனத் தொடங்கிய இந்த ஒதுக்கீடு, ஐந்தாம் ஆண்டில் 200 டன்னாக உயரும் வகையில் அமைக்கப்பட்டது. பதிலுக்கு, இந்திய நகைகளுக்கு விதித்து வந்த 5 சதவீத வரியை அமீரகம் நீக்கியது.

இந்திய நகை ஏற்றுமதியாளர்களுக்கு இது உண்மையான ஆதாயம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கொடுத்ததன் அளவையும் பார்க்க வேண்டும். கோலார் தங்கவயல் 120 ஆண்டுகளில் தந்தது 800 டன் சொச்சம். அமீரகத்துக்கான முழு ஒதுக்கீட்டை நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினால் அந்த அளவு வந்துவிடும். 10 கிராம் 70 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 200 டன் தங்கத்தின் மதிப்பு ஒரு லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய். அதில் ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 1,400 கோடி ரூபாய். அமீரகமும் தங்கம் விளையும் நாடல்ல. வெளியிலிருந்து வரும் தங்கத்தைச் சுத்திகரித்து அனுப்பும் சந்தை அது.

இங்கும் ஓட்டை தோன்றாமல் இல்லை. பிளாட்டினத்துக்கு வரிச் சலுகை அதிகம் இருந்ததால், சிறிதளவு பிளாட்டினம் கலந்து பெரும்பகுதி தங்கமாகவே இருந்த உலோகக் கலவை, பிளாட்டினம் என்ற பெயரில் வந்தது. அதற்கும் மத்திய அரசு கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. 2024 ஜூலையில் தங்கத்தின் பொதுவான வரி 6 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் ஏய்ப்பில் கிடைக்கும் லாபமும் குறைந்தது.

அனுபவத்திலிருந்து அரசு பாடம் கற்கவில்லை என்று கூற முடியாது. ஒப்பந்தச் சலுகை கோரும் இறக்குமதியாளர், சரக்கு உண்மையில் அந்த நாட்டில் உருவானதுதான் என்பதற்கான விவரங்களைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் அமலானது. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளுடன் 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தத்தில், அந்நாடுகளிலிருந்து வரும் இறக்குமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் தங்கமே என்ற நிலையிலும், தங்கத்துக்கு நடைமுறையில் உள்ள வரியை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்கு முன்பே, 2019 நவம்பரில், சீனா உள்ளிட்ட 15 நாடுகளின் பிராந்திய ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகி நின்றதும் இத்தகைய எச்சரிக்கையின் வெளிப்பாடே.

பொருளுக்குப் பிரிவு உண்டு, ஆளுக்கு?

ஒவ்வொரு வர்த்தக ஒப்பந்தத்திலும் பாதுகாப்புப் பிரிவு என ஒன்று உண்டு. இறக்குமதி திடீரெனப் பெருகி உள்நாட்டுத் தொழில் பாதிக்கப்பட்டால், சலுகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க அது வழி செய்கிறது. கருவூலத்துக்கு இழப்பு எனத் தெரிந்ததும் எட்டு வாரங்களில் கதவை அடைக்க முடிந்ததையும் 2017-ல் பார்த்தோம். ஆனால் தொழில் முடிந்துபோன ஊரில், வேலையிழந்தவருக்கு என்ன செய்வது என்பது குறித்து இந்த ஒப்பந்தங்கள் எதுவும் கூறுவதில்லை. அது உள்நாட்டு விவகாரம் என்று விடப்படுகிறது.

பணக்கார நாடுகள் அதை விவகாரமாகவே விட்டுவிடவில்லை. இறக்குமதியால் வேலையிழக்கும் தொழிலாளர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அளிக்கும் திட்டத்தை அமெரிக்கா 1962-ம் ஆண்டு வர்த்தகச் சட்டத்திலேயே சேர்த்தது. குறைகள் பல இருந்தும் 60 ஆண்டுகள் நீடித்த அத்திட்டம் 2022 ஜூலையில் காலாவதியானது. ஐரோப்பிய ஒன்றியம் 2007 முதல் இதே நோக்கத்துக்குத் தனி நிதியம் வைத்துள்ளது. கதவைத் திறப்பதற்கான அரசியல் ஒப்புதலைப் பெற, பாதிக்கப்படுவோருக்கு ஈடு தர வேண்டும் என்பதை அவை உணர்ந்திருந்தன. இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தங்கள் எதற்கும் அத்தகைய நிதி இணைக்கப்படவில்லை.

தங்கவயலில் நடந்தது இதன் விளைவு எப்படியிருக்கும் என்பதைக் காட்டுகிறது. பணப்பலன் பெற்று வெளியேறியவர்கள், நிலுவை கேட்டுக் காத்திருந்தவர்கள், சுரங்கத்தைத் தொழிலாளர் கூட்டுறவு மூலம் தாங்களே நடத்தத் தயார் என்றவர்கள் என ஊர் பல குரல்களில் பேசியது. வழக்குகள் உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன. 2013 ஜூலையில், நிறுவனத்தின் சொத்துகளுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரும் மத்திய அமைச்சரவையின் முடிவை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. மூடி 12 ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன.

அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லத் தொடங்கிவிட்டனர். விடியும் முன் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் ரயில்களில் நின்றபடி பயணம் செய்து, இரவு திரும்புவதே ஆயிரக்கணக்கானோரின் அன்றாட வாழ்க்கையாயிற்று. பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் இறங்கியவர்களின் வாரிசுகள், காவலாளிகளாகவும் கட்டடத் தொழிலாளர்களாகவும் தொழிற்சாலை ஒப்பந்தப் பணியாளர்களாகவும் நூறு கிலோமீட்டர் சென்று வருகின்றனர்.

எஞ்சியிருப்பவை

ஊரில் எஞ்சியிருக்கும் பெரிய தொழிற்சாலை, 1964-ல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். எனப்படும் பாரத் மண்வாரி இயந்திர நிறுவனத்துடையது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் பாதுகாப்புத் துறைக்கும் அது இயந்திரங்கள் செய்து தருகிறது. அதாவது, அரசு நிறுவனங்களின் கொள்முதலே அதன் உயிர்நாடி. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாட்டில் இந்தியா சேரவில்லை. ஆனால் அமீரக ஒப்பந்தத்திலும், 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் அரசுக் கொள்முதல் குறித்த அத்தியாயங்கள் இடம்பெற்றுள்ளன. உலக அளவில் மறுத்ததைப் பிராந்திய ஒப்பந்தத்தில் சிறிது சிறிதாக ஏற்கும் போக்கு, தங்கத்தோடு நிற்கவில்லை என்பதை இது உணர்த்துகிறது. தங்கவயலுக்கு இந்த அத்தியாயங்கள் வெறும் ஏட்டு விஷயமல்ல.

மற்றொன்று, சுரங்கத்திலிருந்து எடுத்து, அரைத்து, சயனைடு கரைசலில் கழுவி, தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். ஊரைச் சுற்றி மலைகளாகக் குவிந்திருக்கும் அந்த மண்ணின் அளவு 3 கோடி டன்னுக்கும் அதிகம். காற்றடிக்கும் மாதங்களில் அதன் தூசு வீடுகளுக்குள் படியும். அந்த மண்ணிலும் சிறிதளவு தங்கம் மிஞ்சியிருக்கிறது. விலை 260 டாலராக இருந்தபோது யாருக்கும் வேண்டாத அந்த மிச்சம், விலை பல மடங்கு உயர்ந்தபின் கவனம் பெற்றது. சுமார் ஆயிரம் ஏக்கரில் உள்ள 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் பிரிக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

ரிசர்வ் வங்கியின் தங்கக் கையிருப்பு 2025 மார்ச் இறுதியில் சுமார் 880 டன். கோலார் தங்கவயல் தன் ஆயுளில் தந்த அளவுக்கு நெருக்கமான எண் இது. தங்கத்தின் மதிப்பை அரசு மறந்துவிடவில்லை என்பதற்கு அதுவே சான்று. ஒப்பந்த மேசைகளில் தங்கத்துக்கு எத்தனை சதவீதம், எத்தனை டன் எனக் கிராம் சுத்தமாகக் கணக்குப் பார்க்கப்படுகிறது. சலுகை தவறான வழியில் போனால் சில வாரங்களில் அறிவிக்கை வெளியாகிறது.

அதே கவனத்துடன் பார்க்க வேண்டிய வேறு இரண்டு கணக்குகள் உள்ளன. சலுகையால் எந்த ஊரில், எந்தத் தொழிலில், எத்தனை பேருடைய வேலை குறையும் என்பது முதலாவது. சலுகையால் கிடைக்கும் ஆதாயத்தில் எவ்வளவு அவர்களுக்குத் திரும்பும் என்பது இரண்டாவது. உலக வர்த்தக விதிகள் எதுவும் இவ்விரண்டையும் தடுக்கவில்லை. வேலையிழந்தவருக்கு மறுபயிற்சியும் மாற்று வேலையும் அளிப்பதை எந்த ஒப்பந்தமும் விதிமீறல் என்று கூறாது. அதற்கு ஜெனீவாவின் அனுமதி தேவையில்லை. தில்லியின் முடிவு போதும்.

கழிவு மேடுகளில் இயந்திரங்கள் இறங்கும் நாளில், அந்த வேலை யாருக்கு என்ற கேள்வியைத் தங்கவயல் கேட்கும். லைன் வீடுகளில் இன்னும் வசிக்கும் முன்னாள் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு, பங்காரப்பேட்டை ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசியமில்லாத ஒரு வேலை கிடைக்கிறதா என்பதே இவ்வூர் மக்கள் எதிர்பார்த்திருக்கும் பதில்.